பன்னிரண்டடிப் பொம்மையைத் தூக்க மூன்று பேர் போதும்: பீட்டர் ஷூமனின் கைவேலை

நம்ம பக்கம் பெரிய உருவம் ஒன்று செய்ய வேண்டுமென்றால் முதலில் வெல்டிங் பட்டறைக்குத்தான் போகிறார்கள். இரும்புச் சட்டம், அதன்மேல் தெர்மாக்கோல் அல்லது ஃபைபர், அதன்மேல் எனாமல் பெயிண்ட். முடித்த பிறகு அதை இழுக்க டிராக்டர் தேட வேண்டியிருக்கிறது. பன்னிரண்டு அடி உயரப் பொம்மையை மூன்று பேர் கையிலேயே தூக்கிக்கொண்டு தெருவில் நடக்க முடியும். அதற்குப் பழைய பேப்பர் கடையில் கிடைப்பதும், குயவர் மிதித்து வைத்திருக்கிற மண்ணும், நாலு பழைய வேட்டியும் போதும். இதை அறுபது வருஷத்துக்கு மேலாகச் செய்துவருகிறவர் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் இருக்கும் பீட்டர் ஷூமன். குலசை தசராக் குழுக்களிலும் பள்ளிக்கூட ஆண்டுவிழாக்களிலும் உருவம் செய்கிறவர்களுக்கு அவர் வழி உதவும் என்று உறுதியாக நம்புகிறேன். அதனால் ஆளைப் பற்றிக் கொஞ்சமும் வேலையைப் பற்றி நிறையவும் எழுதுகிறேன்.

ஷூமன் 1934 ஜூன் 11இல் சிலேசியா வட்டாரத்து ஊர் ஒன்றில் பிறந்தார். அப்போது ஜெர்மனியில் இருந்த அந்த ஊர் இப்போது போலந்தில் இருக்கிறது, பெயர் லூபின். போர் முடியும் தறுவாயில் குடும்பம் அகதியாக வடக்கு ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் வளர்ந்தது சிற்பத்திலும் நடனத்திலும். மனைவி எல்கா, அமெரிக்கத் தகப்பனாருக்கும் ரஷ்யத் தாய்க்கும் சோவியத் நாட்டில் பிறந்தவர். இருவரும் 1961இல் அமெரிக்காவுக்கு வந்தார்கள். 1963இல் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில், டிலான்சி தெரு மாடி ஒன்றில் 'பிரெட் அண்ட் பப்பெட் தியேட்டர்' என்ற அவர்களுடைய பொம்மை நாடகக் குழு தொடங்கியது.

அந்தப் பகுதி அப்போது ஏழைகளும் வந்தேறிகளும் நெருக்கி வாழ்ந்த இடம். வீட்டு வாடகை, எலித்தொல்லை, போலீஸ் என்று அங்கே இருந்த பிரச்சினைகளையே தெருவில் நாடகமாகப் போட்டார்கள். பிறகு வியட்நாம் போர் வந்தது. போர் எதிர்ப்பு ஊர்வலங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் தட்டி பிடித்துக் கோஷம் போட்டுக்கொண்டு போகும்போது, நடுவில் ஆளைவிட இரண்டு மடங்கு உயரத்தில் வாய் திறக்காத முகங்கள் மெதுவாக நகர்ந்து வரும். சாம்பல் நிற முகத்தோடு, கண் தாழ்ந்து நிற்கும் பெண் உருவங்கள் அவற்றில் முக்கியமானவை. குண்டு விழுந்த ஊரின் தாய்மார்கள் அவர்கள். அந்த முகங்களின் படத்தை இன்றைக்குப் பார்த்தாலும் அவை எந்த வருஷத்துக்கும் பொருந்துகின்றன. மூக்கும் கன்னமும் கண்குழியும் தவிர அவற்றில் வேறெதுவும் இல்லை. அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

1970இல் குழு வெர்மான்டுக்குப் போனது. நாலு வருஷம் காடர்ட் கல்லூரிப் பண்ணையில் இருந்துவிட்டு 1974இல் குளோவர் என்ற சிற்றூருக்கு மாறினார்கள். அங்கே ஒரு பழைய மரக் கொட்டாரம் முழுக்கப் பொம்மைகளைத் தொங்கவிட்டு அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். ஜல்லி தோண்டி எடுத்த பள்ளம் ஒன்று அங்கே இயற்கையான அரங்கமாக அமைந்துவிட்டது. கோடையில் அதில் நடந்த திறந்தவெளி சர்க்கஸுக்குப் பல்லாயிரம் பேர் வந்தார்கள். 1998இல், ஜனங்கள் கூடாரம் போட்டுத் தங்கியிருந்த இடத்தில் நடந்த அடிதடியில் ஒருவர் இறந்துபோனார். அந்தப் பெரிய விழாவை ஷூமன் அதோடு நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு சிறிய காட்சிகளாகவே நடத்திவருகிறார்கள். குழுவின் அச்சகத்தை நடத்தியவர் எல்கா. சுவரொட்டி, நாட்காட்டி, சின்னச் சின்னப் புத்தகம் எல்லாம் அங்கிருந்துதான் வந்தன. அவர் 2021 ஆகஸ்டில் காலமானார்.

கலைப்பொருள் மலிவாக இருக்க வேண்டும், எவரும் வாங்கிப்போகிற மாதிரி இருக்க வேண்டும் என்று ஷூமன் 1984இல் ஒரு அறிக்கையே அச்சடித்தார். அதைக் கொள்கையாக மட்டும் வாசித்தால் பாதிதான் புரியும். அவர் கையில் அது ஒரு தொழில்நுட்பமும்கூட. சாமான் மலிவாக இருந்தால்தான் உருவத்தைப் பெரிதாகச் செய்யத் துணிவு வரும். உருவம் லேசாக இருந்தால்தான் அன்றைக்கு வந்து சேர்ந்தவர்கூடத் தூக்க முடியும். அவர் காட்சிகளில் நிறையப் பேர் இப்படி வந்து சேர்கிற தன்னார்வலர்கள்தான்.

இனி வேலை.

மூன்றடி உயரம், இரண்டடி அகலம், ஓரடி ஆழம் கொண்ட ஒரு முகத்தை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டடிப் பொம்மைக்கு இந்த அளவு சரி. முகம் இதைவிடச் சிறியதாக இருந்தால் தூரத்திலிருந்து பார்க்கும்போது வேட்டி மட்டும் தனியாக நடந்துவருகிற மாதிரி இருக்கும்.

நாலடிக்கு மூன்றடிப் பலகை ஒன்றைச் செங்கல் மேல் வையுங்கள். வைக்கோல் அடைத்த சாக்கை அதன்மேல் கிடத்திக் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். இதுதான் உள்கூடு. வைக்கோலை மிதித்து அடைக்க வேண்டும். தளர்வாக அடைத்தால் மண் ஏறிய பிறகு கூடு அமுங்கி, காலையில் வைத்த தாடை சாயங்காலம் கழுத்துக்கு வந்துவிடும். கூட்டின் மேல் இரண்டு அங்குலக் கனத்துக்குக் களிமண் பூச வேண்டும். இந்த அளவு முகத்துக்கு எண்பது கிலோ மண் பிடிக்கும். காருகுறிச்சிப் பக்கம் குயவர் வீடுகளில் கல் பொறுக்கி மிதித்து வைத்த குளத்து மண் கேட்டு வாங்கலாம். சுடப்போவதில்லை என்பதால் மணல் கலக்கத் தேவையில்லை. ஷூமனும் இப்படித்தான். முதலில் களிமண்ணில் முகம், அதன்மேல் பேப்பர், பேப்பர் காய்ந்ததும் மண் வெளியே.

முகம் செதுக்குவதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. கிட்டே நின்று பார்க்க அழகாக இருக்கிற முகம் ஐம்பதடி தள்ளிப் போனால் தட்டையாகிவிடும். கண்ணை வரையக் கூடாது, குழியாகத் தோண்ட வேண்டும். முஷ்டி உள்ளே போகிற ஆழம் வேண்டும். புருவம் அந்தக் குழிக்கு மேல் மூன்று அங்குலமாவது வாசல் சன்ஷேடு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கன்னத்தை விரலால் தடவி வழவழப்பாக்காமல், ஒரு சட்டப் பலகையால் அடித்து அடித்துத் தட்டையான பரப்புகளாக விடுங்கள். பரப்பும் பரப்பும் சந்திக்கிற விளிம்பில்தான் வெளிச்சம் உடையும். மூக்கு தாராளமாக இருக்கட்டும். வாயை மூடியே வையுங்கள். சிரிக்கிற வாய் செய்தால் சோகக் காட்சியில் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

நம்ம தோல்பாவைக்கூத்தில் பாவைக்குக் கையில் மூட்டு உண்டு, விளக்கு உண்டு, திரைக்குப் பின்னாலிருந்து ஒருவரே பத்துக் குரலில் பேசுவார். ஷூமனின் பெரிய முகங்களுக்கு இதில் எதுவும் கிடையாது. கண் சிமிட்டாது, தாடை அசையாது. தலையைத் தாழ்த்தினால் புருவ நிழல் கண்ணில் விழுந்து முகம் துக்கமாகும். நிமிர்த்தினால் அதே முகம் கோபப்படும். இரண்டுக்கும் நடுவில் நிறுத்தினால் கேட்டுக்கொண்டிருக்கும். இந்த மூன்றும் ஒரே முகத்தில் வருகிறதா என்று மண்ணில் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். பலகையின் ஒரு பக்கத்தைத் தூக்கிச் செங்கல் முட்டுக்கொடுத்து, இருட்டில் டார்ச்சை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் அடித்துப் பாருங்கள். நம்ம ஊர் உச்சி வெயிலில் முகம் முழுக்க நிழலாகிவிடும். கோயில் வாசலில் தரையில் வைக்கிற ஃபோகஸ் லைட்டிலோ நிழல் தலைகீழாக விழும். எந்த நேரத்தில், எந்த வெளிச்சத்தில் பொம்மை போகப்போகிறது என்று தெரிந்துகொண்டு குழியின் ஆழத்தை முடிவு செய்யுங்கள்.

மூக்குத் துவாரம், உதட்டுக்குக் கீழே உள்ள வளைவு இதெல்லாம் பேப்பர் ஓடு கழலாதபடி பிடித்துக்கொள்ளுமோ என்று பயப்பட வேண்டாம். மண் ஈரமாகவே இருக்கும். பின்பக்கமாகத் திருப்பி, சாக்கை உருவிவிட்டு, கையாலேயே தோண்டி எடுத்துவிடலாம். பிளாஸ்டர் அச்சில்தான் அந்தப் பயம்.

பேப்பர். சிமெண்ட் மூட்டையின் காக்கிப் பேப்பர் கிடைத்தால் அதற்கு மேல் ஒன்றுமில்லை. இப்போது மூட்டைகள் பெரும்பாலும் பிளாஸ்டிக் நெசவாகிவிட்டதால் தேடித்தான் பிடிக்க வேண்டும். கிடைத்தால் ஈரத்துணியால் இரண்டு பக்கமும் துடையுங்கள். சிமெண்ட் தூசி கையை அரிக்கும். கிடைக்காவிட்டால் பழைய அட்டைப்பெட்டிகளைத் தொட்டித் தண்ணீரில் ஒரு இரவு ஊறப்போடுங்கள். காலையில் மேல் தாள் தோல் மாதிரி உரிந்து வரும். நடுவில் இருக்கும் அலைத்தாள் இதற்கு ஆகாது, அதைக் கை செய்ய எடுத்து வையுங்கள். இந்த முகத்துக்கு ஆறு அடுக்கு வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதையும் சேர்த்தால் எட்டு சதுர மீட்டர் தாள் பிடிக்கும்.

கத்தரிக்கோல் வேண்டாம். கையால் கிழியுங்கள். கிழித்த ஓரம் நார் நாராக மெலிந்து அடுத்த துண்டோடு கலந்துவிடும். வெட்டிய ஓரம் படிபோல நின்று, காய்ந்ததும் பெயிண்டுக்கு மேலேயும் தெரியும். பேப்பருக்கு ஒரு வாட்டம் உண்டு. ஒரு பக்கமாக இழுத்தால் நேராகக் கிழியும், இன்னொரு பக்கம் கோணும். நேராகக் கிழிகிற பக்கம் நீளமாக வரும்படி எடுத்துக்கொள்ளுங்கள். கன்னத்துக்கும் நெற்றிக்கும் மூன்று அங்குல அகலத் துண்டு, மூக்கையும் கண்குழியையும் சுற்றி ஒரு அங்குலம். குழிக்குள் பெரிய துண்டை வைத்தால் அது அடி தொடாமல் பாலம் போட்டுவிடும், மேலே இருந்து பார்த்தால் தெரியாது. காய்ந்தபின் விரல் பட்டதும் அந்த இடம் பொத்துக்கொள்ளும்.

பசைக்கு ஷூமன் குழு சோளமாவு காய்ச்சுகிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு நூறு கிராம் சோளமாவு. கொஞ்சம் பச்சைத்தண்ணீரில் மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கிற தண்ணீரில் ஊற்றி, வெள்ளை நிறம் போய்க் கண்ணாடியாகிற வரை கிண்ட வேண்டும். நம்ம ஊரில் போஸ்டர் ஒட்டுகிறவர்கள் மைதாவில் காய்ச்சுகிறார்கள். மைதா என்றால் லிட்டருக்கு இருநூறு கிராம். போஸ்டர் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடுவது வழக்கம். அது விஷம். பிள்ளைகள் கை வைக்கிற வேலையில் கட்டாயம் போடக்கூடாது. முகமூடியாகத் தலையில் மாட்டுகிற பொருளிலும் வேண்டாம்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது புளியங்கொட்டைப் பசை. கொட்டையை வறுத்து, ஊறவைத்துத் தோலை நீக்கி, பருப்பை நைஸாக அரைத்து, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் விட்டுக் காய்ச்சினால் கெட்டியான பசை கிடைக்கும். மைதாவைவிட இழுவை அதிகம், காய்ந்தால் ஓடு கல்மாதிரி நிற்கும். ஆனால் அரைக்கிற வேலை பெரிது, அதனால் மூக்கு, விளிம்பு மாதிரி அடிபடுகிற இடத்துக்கு மட்டும் இதை வைத்துக்கொண்டு மற்றதற்கு மைதா போதும். எந்தப் பசையானாலும் நம்ம சூட்டில் ஒரு ராத்திரிக்கு மேல் தாங்காது. புளித்த பசையில் ஒட்டிய முகத்திலிருந்து வாடை போகாது. இந்த முகத்துக்கு மொத்தம் மூன்று லிட்டர் பிடிக்கும், அதை மூன்று நாளாகப் பிரித்து அன்றன்றைக்குக் காய்ச்சுங்கள்.

ஒட்டுகிற விதம் இப்படி. முதல் அடுக்கு பசையில்லாமல் வெறும் நனைத்த நியூஸ்பேப்பர். அது மண்ணோடு ஒட்டிக்கொண்டு, மேலே வருகிற பேப்பர் ஓடு சுலபமாகக் கழன்று வரவிடும். அதன்மேல் காக்கித் தாளைத் தண்ணீரில் முக்கி, கசக்கி, விரித்து, இரண்டு பக்கமும் பசை தடவி வைக்க வேண்டும். கசக்குவது முக்கியம். கசக்காத காக்கித் தாள் விறைப்பாக நின்று வளைவுகளில் எழும்பும். துண்டை வைத்ததும் நடுவிலிருந்து ஓரத்துக்குக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளிக் காற்றையும் மிச்சப் பசையையும் வெளியேற்றுங்கள். மூக்குத் தண்டில் துண்டைக் குறுக்கே போட்டு இரண்டு பக்கமும் சமமாக இறக்கிவிடுங்கள், அடுத்த அடுக்கை நெடுக்காகப் போடுங்கள். ஒரு அடுக்கு காக்கி, அடுத்தது நியூஸ்பேப்பர் என்று மாற்றி மாற்றிப் போட்டால் எங்கே விட்டுப்போயிற்று என்று நிறத்திலேயே தெரிந்துவிடும். கடைசி அடுக்கு காக்கியாக இருக்கட்டும்.

ஒரு நாளைக்கு இரண்டு அடுக்குக்கு மேல் போகாதீர்கள். ஆறையும் ஒரே நாளில் ஏற்றினால் வெளித்தோல் காய்ந்து உள்ளே நாலு அடுக்கு ஈரமாகவே கிடக்கும், மூன்றாம் நாள் கறுப்புப் புள்ளி விழும். வெயிலில் காயவைப்பதும் அதே வினைதான். மேல் அடுக்கு முதலில் சுருங்கி ஓரங்களை வெளிப்பக்கம் இழுக்கும். முகம் தட்டு மாதிரி விரிந்துபோகும். காற்றோட்டமான நிழல் போதும், திண்ணையோ தார்சாவோ நல்லது. அதே சமயம் கீழே மண் காய்ந்து சுருங்கிவிடக் கூடாது. சுருங்கினால் ஓட்டுக்குத் தாங்கல் போய் கன்னம் உள்ளே அமுங்கும். பலகையின் ஓரத்தில் தெரிகிற மண்ணின்மேல் ஈரச்சாக்கு போட்டு வையுங்கள்.

காய்ந்ததா என்று கண்ணால் சொல்ல முடியாது. மடக்கிய விரலால் நெற்றியில் தட்டுங்கள். பானையைத் தட்டுகிற சத்தம் வந்தால் எடுக்கலாம். 'பொத்' என்றால் இன்னும் ஒரு நாள். கடைசியாகக் காய்வது மூக்கின் இரண்டு பக்கமும் கண்குழி அடியும்தான், அங்கே தட்டிப் பார்க்காமல் எடுக்கக் கூடாது. பலகையோடு கவிழ்த்து, சாக்கை உருவி, மண்ணைத் தோண்டி எடுத்த பிறகு உள்பக்கம் ஒரு அடுக்கு நியூஸ்பேப்பர் ஒட்டிவிட்டால் ஓடு முடிந்தது. எடை பார்த்தால் ஒன்றேகால் கிலோவுக்குள் இருக்கும். எண்பது கிலோ மண்ணின் முகம் அது. எங்காவது கொப்புளம் தெரிந்தால் பிளேடால் கீறி, உள்ளே பசை விட்டு அழுத்துங்கள்.

விளிம்பை அப்படியே விட்டால் முதல் ஊர்வலத்திலேயே கிழியும். அரை அங்குல மூங்கில் பத்தையை வளைத்து விளிம்பைச் சுற்றிக் கொடுத்து, நாலு அங்குலத்துக்கு ஒரு துளை போட்டு நூல்கயிற்றால் கட்டி, அதன்மேல் பசையில் நனைத்த பழைய துணியை ஒட்டுங்கள். கட்டுக்கம்பி வேண்டாம், அது பேப்பரை அறுக்கும். உள்ளே புருவ மட்டத்தில் ஒரு குறுக்குப் பத்தை, தாடை மட்டத்தில் ஒன்று. தூக்குகிற கம்பை இரண்டிலும் சேர்த்துக் கட்ட வேண்டும். தாடையில் மட்டும் கட்டினால் நடக்கும்போது தலை ஆட ஆடத் தாடை பிய்ந்துவிடும். முகத்தின் எடை கம்புக்கு முன்னால் இருப்பதால் பொம்மை எப்போதும் குப்புற விழப் பார்க்கும். பின்னந்தலையில் பனைநாரிலோ தேங்காய் நாரிலோ கனமாக முடி வைத்தால் அது சமன் செய்துவிடும். முடி முகத்தைவிட கனத்துப்போகாமல் கம்பை ஒரு விரலில் நிறுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயிண்டுக்கு வீடு கட்டினவர்களிடம் மிச்சமிருக்கிற டிஸ்டெம்பர் போதும். முதலில் வெள்ளை இரண்டு கோட், பிறகு நாலங்குலப் பிரஷ்ஷில் பட்டையாக நிறம். எனாமல் அடிக்காதீர்கள். எனாமல் மினுங்கும், மினுங்கினால் நீங்கள் உழைத்துச் செதுக்கிய நிழல் அத்தனையும் டியூப்லைட்டில் காணாமல் போகும். மழைக்குப் பயந்து வார்னிஷ் அடிப்பதென்றால் மினுக்கில்லாத வகையாகப் பார்த்து உள்பக்கமும் அடியுங்கள். பெரும்பாலும் தண்ணீர் ஏறுவது வெளியிலிருந்து அல்ல, பெயிண்ட் படாத உள்விளிம்பிலிருந்து.

உடம்பு எளிது. எட்டரையடி மூங்கில், ஒன்றேகால் அங்குலக் கனம். இடுப்பு பெல்ட்டில் தைத்த ஒரு தோல் குப்பியில் அடி நிற்கும், நுனி புருவம் வரை போகும். கழுத்துக்குக் கீழே மூன்றடி அகலத்துக்கு ஒரு மூங்கில் வளையம், அதுதான் தோள். எட்டு முழ வேட்டி நாலு எடுத்து, ஒவ்வொன்றையும் எட்டரை அடிக்கு வெட்டிப் பக்கவாட்டில் தைத்து வளையத்திலிருந்து தொங்கவிட்டால் கணுக்கால் வரை வரும். மிச்சத் துணியில் இரண்டு நீளக் கை. பழைய, துவைத்துத் துவைத்து மெலிந்த வேட்டியே நல்லது. காற்று அதன் ஊடே போகும். ஃப்ளெக்ஸ் பேனரைத் திருப்பிப் போட்டுத் தைத்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது கப்பல் பாய் போலக் காற்றைப் பிடித்து ஆளையே இழுத்துப்போகும். மொத்தமாக நிறுத்துப் பார்த்தால் முகம், கம்பு, வளையம், வேட்டி, முடி எல்லாம் சேர்ந்து நாலரைக் கிலோ சுற்றி நிற்கும். பன்னிரண்டு வயசுப் பையன்கூட நிமிர்த்திவிடுவான். ஆனால் பிடித்து நடக்கப் பெரியவர் வேண்டும், கனத்துக்காக அல்ல, காற்றுக்காக.

கைகள் இரண்டும் தனித்தனி ஆட்களிடம். இரண்டரை அடி நீளத்துக்கு அட்டையில் வெட்டி, முன்பு எடுத்து வைத்த அலைத்தாளால் விரல்களுக்குக் கனம் கொடுத்து, மேலே ஒரு அடுக்கு காக்கித் தாள் ஒட்டி ஆறடிக் கம்பில் கட்டிவிடுங்கள். விரல்களைச் சேர்த்தே செய்யுங்கள். பிரித்துச் செய்தால் வயரில் மாட்டும்.

மூன்று பேரும் சேர்ந்து நடப்பதைப் பழக ஒரு சாயங்காலம் வேண்டும். தலை பிடிப்பவர் முன்னால் வேட்டியில் விட்ட கிழிசல் வழியாகப் பார்ப்பார். அவருக்குத் தரை தெரியும், மேலே தெரியாது. திரும்பும்போது முதலில் முகம் மட்டும் கொஞ்சம் திரும்ப வேண்டும். ஒரு மூச்சு நிறுத்தி, பிறகு உடம்பு. இன்னொரு மூச்சு விட்டு, கைகள். மூன்றும் ஒன்றாகத் திரும்பினால் அது கம்பில் கட்டிய துணி. வரிசையாகத் திரும்பினால் உயிருள்ள ஒன்று உங்களைப் பார்க்கத் திரும்புகிறது. வேகமாகத் திரும்பினால் வேட்டி கம்பைச் சுற்றிக்கொள்ளும், அப்போது நிறுத்திப் பின்பக்கம் சுற்றி அவிழ்ப்பதைத் தவிர வழியில்லை. ஷூமனின் ஊர்வலங்கள் அவ்வளவு மெதுவாகப் போவதற்கு இந்தத் துணியும் ஒரு காரணம். அந்த மெதுவே பார்க்கிறவர்களை நிற்கவைக்கிறது.

மின்சார வயர் விஷயத்தில் விளையாடக் கூடாது. தெருவைக் கடந்து வீடுகளுக்குப் போகிற சர்வீஸ் வயர்கள் பல இடங்களில் தொய்ந்து கிடக்கின்றன. பன்னிரண்டடிக்கு மேல் போகாததற்கு இதுதான் முதல் காரணம். ஈர மூங்கில் மின்சாரம் கடத்தும். முன்னால் ஒருவர் வேறெந்த வேலையும் இல்லாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டு போக வேண்டும், தாழ்ந்த வயர் வந்தால் கை காட்ட வேண்டும், பொம்மை தலைவணங்கிக் கடக்க வேண்டும். போகிற பாதையை முந்தின நாள் பகலில் ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்.

அடுத்தது காற்று. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் வருகிற காற்றில் கயத்தாறு, முப்பந்தல் காற்றாலைகள் எல்லாம் சுற்றுகிற நாட்களில் இந்தப் பொம்மையை வெட்டவெளியில் நிமிர்த்தாதீர்கள். ரத வீதி மாதிரி இரண்டு பக்கமும் கட்டிடம் உள்ள இடத்தில் பரவாயில்லை. ஆனால் சந்து முனையில் காற்று திடீரென்று அடிக்கும். அப்போது எதிர்த்து நிற்கக் கூடாது. முகத்தின் பக்கவாட்டைக் காற்றுக்குக் காட்டி, கை பிடிப்பவர்கள் இருவரும் வேட்டியைச் சேர்த்துப் பிடித்து, பொம்மையைப் படுக்கவைத்துவிட வேண்டும். இதையும் முன்கூட்டியே பழகுங்கள்.

ஷூமன் காட்சி முடிந்ததும் ரொட்டி கொடுப்பார். குழுவின் பெயரிலேயே அது இருக்கிறது. புளிக்கவைத்த ரை தானிய மாவில், மண்ணும் செங்கல்லும் வைத்துக் கட்டிய வெளி அடுப்பில் அவரே சுட்டது. பூண்டும் எண்ணெயும் அரைத்த குழம்பு தடவிக் கொடுப்பார்கள். கெட்டியாக, நன்றாக மென்றுதான் விழுங்க வேண்டியிருக்கும். கோயில் கொடை முடிந்து சோறு போடாமல் ஆளை அனுப்பாத ஊர்களில் இருக்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கம்பு மாவில் அதே ரொட்டி செய்யலாமா என்றால் வராது. ரை மாவுக்கு ஈரம் பட்டால் கோந்து மாதிரி ஒரு பிடிப்பு வரும், கம்புக்கு அது கிடையாது, உதிர்ந்துவிடும். கம்பங்கூழே கொடுக்கலாம்.

2024இல் ஷூமனுக்குத் தொண்ணூறு வயது நிறைந்தது. அந்த வயதிலும் பழைய படுக்கை விரிப்புகளில் வீட்டுக்கு அடிக்கிற பெயிண்டால் வரைந்துகொண்டிருந்தார். குளோவர் கொட்டாரத்தில் தொங்குகிற முகங்களைப் புதுப்பித்துப் பாதுகாப்பதில் அவருக்கு அக்கறையில்லை. தூசியும் பூச்சியும் எடுத்துக்கொள்வதை எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார். நமக்கு அந்த மனசு வேண்டாம், ஏனென்றால் வெர்மான்டின் குளிரில் பேப்பர் பத்துவருஷம் தாங்குவது இங்கே ஒரு மழைக்காலத்தில் போய்விடும். முகத்தைத் தரையில் வைக்காதீர்கள், கரையான் பிடிக்கும். சுவரில் சாய்க்காதீர்கள், ஓதம் ஏறும். உத்திரத்திலிருந்து மூன்று கயிற்றில், முகம் கீழே பார்க்கிற மாதிரி தொங்கவிடுங்கள். பசையில் மாவு இருப்பதால் எலி வரும், அதனால் கயிற்றில் பாதி வழியில் ஒரு தகரத் தட்டைக் கோத்துவிட்டால் இறங்க முடியாது. வேட்டியைத் துவைத்து மடித்துத் தனியாக வையுங்கள்.

செய்வதற்கு நல்ல மாதங்கள் மாசியிலிருந்து சித்திரை வரை. அப்போது ஆறு அடுக்கும் ஒரு வாரத்தில் கல்லாகிவிடும். புரட்டாசி, ஐப்பசியில் வருகிற தசராவுக்கு வேண்டுமென்றால் மழை தொடங்கிய பிறகு உட்காராதீர்கள், ஆவணிக்குள் முகம் முடிந்து உத்திரத்தில் தொங்க வேண்டும். வேட்டியும் கையும் கடைசி வாரத்தில் தைத்துக்கொள்ளலாம்.